ஆறு வருடம் ஓட்டிப் பார்த்தாச்சு: எங்கள் வீட்டுப் பாதாளச் சாக்கடையும் மேட்டூர் தண்ணியும்

பைக் வாங்கினால் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ரிவியூ போடுகிறார்கள். மிக்ஸி வாங்கினால் நாலு மாதம் சட்னி அரைத்துப் பார்த்துவிட்டு, ஜாடி மூடியில் ரப்பர் வளையம் தேய்ந்தது வரைக்கும் எழுதுகிறார்கள். ஆனால் வீட்டில் ஒரு நாள்கூட ஓய்வு கொடுக்காமல் பயன்படுத்துகிற குழாய் இரண்டு இருக்கிறது, தண்ணீர் உள்ளே வருகிற குழாய் ஒன்று, அதே தண்ணீர் அழுக்காகி வெளியே போகிற குழாய் ஒன்று, இவற்றைப் பற்றி யாரும் நிதானமாக எழுதி நான் படித்ததில்லை. அடைத்துக்கொண்டால் மட்டும் கத்துவோம். சரி, நானே எழுதுகிறேன். சேலத்தில் அம்மாபேட்டை பக்கம், இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில், பத்தொன்பது வீட்டில் ஒரு வீடு எங்களுடையது. நான், வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் இரண்டு பேர், ஆக ஐந்து பேர். 2019-ல் பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்கினோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். வாங்குங்கள். உங்கள் தெருவில் மெயின் லைன் வந்துவிட்டது, நீங்கள் இன்னும் செப்டிக் டேங்க்கோடு காலம் தள்ளுகிறீர்கள் என்றால் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள். ஆனால் குழியை மூடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்கவில்லை. இந்த ரிவியூவில் பாதி அந்த எடுக்காத போட்டோவைப் பற்றித்தான்.

செப்டிக் டேங்க் காலத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் ஒப்பிட முடியும். மாமனார் வீடு கட்டும்போதே கட்டிய தொட்டி, வாசல்படிக்கு நேர் கீழே. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நிரம்பும், அதுவும் வீட்டில் விருந்தாளி இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் நிரம்பும். கடைசியாக நிரம்பியது ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நாத்தனார் குடும்பம் வந்திருந்தபோது. கழிவுநீர் லாரிக்குப் போன் போட்டோம். சந்துக்குள் லாரி நுழையாது, மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு ஹோஸை இழுத்துக்கொண்டு வந்தார்கள். மேலே நின்ற தண்ணீரெல்லாம் போய்விட்டது, அடியில் கெட்டியாகப் படிந்த கசடு மட்டும் வர மாட்டேன் என்கிறது. கூட வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "ரெண்டு நிமிஷம் உள்ள இறங்கி மம்பட்டியில கலக்கி விட்டுடறேங்க்கா, அப்புறம் தானா இழுத்துக்கும்" என்கிறான். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்து வந்துவிட்டார். "டேய் சாமி, காலை எடு. மேல நில்லு. காசு முழுசா வாங்கிக்க, அடியில இருக்கறது இருந்துட்டுப் போகட்டும்."

அந்தத் தொட்டிக்குள் இருக்கிற வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், இறந்துபோனால் குடும்பத்துக்கு முப்பது லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமியாருக்கு இந்தச் சட்டம் எதுவும் தெரியாது, பையனின் முகம் மட்டும் தெரிந்தது. உங்களுக்கு லாரி தேவைப்பட்டால் 14420 என்ற அரசு உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்பக்கம் போன் நம்பர் எழுதிப் போகிற ஏதோ ஒரு லாரியைக் கூப்பிட வேண்டாம். அன்றைக்கு வந்தவர்களின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

அந்த ஆடிக்குப் பிறகுதான் இணைப்பு வாங்குவது என்று முடிவு செய்தோம்.

மெயின் லைன் சந்தின் நடுவில் போகிறது. எங்கள் வீட்டிலிருந்து தெருவில் இருக்கிற சேம்பர் வரைக்கும் இருபத்தாறு அடி, நாலு அங்குல பிவிசி குழாய், ஒரு நாள் வேலை. சொந்தக்காரர் ஒருவர் சொன்ன பிளம்பரைப் பிடித்தோம், இன்றைக்கும் கல்யாண வீட்டில் பார்த்தால் சிரிக்கிறார், அதனால் அவர் பெயரும் வேண்டாம். காலையில் தோண்டினார், சாயங்காலம் மண் தள்ளி சிமெண்ட் பூசிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். வாசல் பழைய மாதிரியே சுத்தமாக இருந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். எட்டே மாதம். குளியலறைத் தண்ணீர் இறங்காமல் கணுக்கால் அளவுக்கு நிற்க ஆரம்பித்தது.

சித்தி பையன் ஒருவன் சிவில் படித்துவிட்டுக் கோயம்புத்தூர் பக்கம் குழாய் பதிக்கிற வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டேன். கொத்தனார் வைத்திருப்பார்களே, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல், அதை எங்கிருந்தோ கொண்டுவந்து இரண்டு முனையிலும் பிடித்துப் பார்த்தான். இருபத்தாறு அடிக்கு மொத்த இறக்கம் இரண்டு அங்குலம். நாலு அங்குலக் குழாய்க்குப் பழைய கணக்கு நாற்பது அடிக்கு ஒரு அடி என்றான். அப்படிப் பார்த்தால் எங்கள் குழாய்க்கு எட்டு அங்குலம் வந்திருக்க வேண்டும். "அக்கா, இது சாக்கடை இல்ல, தொட்டி. படுத்த தொட்டி" என்று சிரிக்கிறான். சரி, தோண்டி மாற்றிப் போடுவோம் என்றால் குழாய் எங்கே போகிறது என்று தெரியவில்லை. நேர்கோட்டில் போயிருக்கும் என்று நினைத்து ஓர் இடத்தில் உடைத்தோம், இல்லை. இன்னோர் இடத்தில் உடைத்தோம், அங்கே தண்ணீர்க் குழாய்தான் இருந்தது. மூன்றாவது இடத்தில்தான் கிடைத்தது. தண்ணீர்க் குழாய் குறுக்கே வந்ததால் அதைச் சுற்றிக்கொண்டு வளைத்துப் போட்டிருக்கிறார் அந்த மனிதர். வளைக்கிற இடத்தில் ஒரு சின்ன சேம்பர் கட்டியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. ஒரு போட்டோ இருந்திருந்தால் இரண்டு உடைப்பு மிச்சம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று அப்போது வெளியே வந்தது, இதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதால் ஒளிக்காமல் சொல்கிறேன். மொட்டை மாடியிலிருந்து இறங்குகிற மழைத்தண்ணீர்க் குழாயையும் பிளம்பர் இதே லைனில் சேர்த்துவிட்டிருந்தார். "எல்லாம் ஒரே குழியில போயிடுங்க" என்று அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது, நானும் நல்லதுதானே என்று தலையாட்டியிருக்கிறேன். பாதாளச் சாக்கடை மழைத்தண்ணீருக்குப் போட்டதே இல்லை, வீட்டுக் கழிவுநீருக்கு மட்டும். ஏன் என்று தம்பி ஒரு கணக்கு போட்டுக் காட்டினான். எங்கள் மாடி அறுநூறு சதுர அடி. ஒரு மணி நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை கொட்டினால் அந்த மாடியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 2,800 லிட்டர் இறங்கும். ஐந்து பேர் இருக்கிற வீட்டிலிருந்து ஒரு நாள் முழுக்கப் போகிற சாக்கடைத் தண்ணீர் 540 லிட்டர். அதாவது ஐந்து நாள் கழிவு போகிற பாதையில் ஒரு மணி நேரத்தில் தண்ணீரைத் தள்ளுகிறோம், அதுவும் நாங்கள் மட்டும் இல்லை, விசாரித்துப் பார்த்தால் சந்தில் ஆறேழு வீட்டில் இதே கதை.

அந்தத் தண்ணீர் எங்கே போகும்? சந்தின் கடைசி வீடு பள்ளத்தில் இருக்கிறது. அந்த அக்கா வீட்டில் மழை வந்தாலே கழிவறையிலிருந்து தண்ணீர் எதிர்த்துக்கொண்டு மேலே வரும், அவரும் பல வருடமாக மணல் மூட்டையை அதன்மேல் வைத்துவிட்டுப் படுக்கிறார். சந்தில் யாரிடமும் அவர் சண்டைக்கு வந்ததில்லை, தன் வீடு பள்ளம், தன் தலையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வருடம் கோடை மழையில் மேன்ஹோல் மூடி தட்டு மாதிரி எழும்பி எழும்பி அடித்துக்கொண்டதை நானே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன். அதில் ஒரு பங்கு எங்கள் மாடித் தண்ணீர். மழைக்குழாயை அறுத்துத் தனியாகத் திருப்பி, பழைய செப்டிக் டேங்க்கைக் கழுவி அதை மழைநீர்த் தொட்டியாக்கலாமா என்று கேட்டேன். தம்பி முறைத்தான். அதை மண் போட்டு மூடு, மழைநீருக்குத் தனியாகக் குழி போடு என்றான். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம், எங்கள் வீட்டில் அது காகிதத்தில் மட்டும் இருந்தது. இப்போது உண்மையாகவே இருக்கிறது.

பொங்கல் லீவு முழுக்க அவன் அடித்த லெக்சரில் எனக்கு மனதில் நின்ற ஒன்றைச் சொல்ல வேண்டும், வாங்குங்கள் என்று நான் அவ்வளவு உறுதியாகச் சொல்வது அதனால்தான். இந்த மாதிரி லைன் போடுகிறவர்கள் இன்றைய ஜனத்தொகைக்குப் போடுவதில்லை. மத்திய அரசின் கையேட்டில் சாக்கடைக் குழாய்க்கு முப்பது வருடம் கணக்கு, பம்ப் மோட்டாருக்குப் பதினைந்து வருடம். இன்று பள்ளிக்கூடம் போகிற என் மகளுக்குப் பிள்ளை பிறந்து அதுவும் பள்ளிக்கூடம் போகிற காலத்துக்கு அளவெடுத்துப் போட்ட குழாய் அது. வளருகிற பிள்ளைக்குச் சட்டை தைப்பது போல இரண்டு அளவு பெரிதாகத்தான் இருக்கும். சட்டை தொளதொளவென்று இருந்தால் பரவாயில்லை, சாக்கடைக் குழாய் அப்படி இருந்தால் வினை. அதில் தண்ணீர் ஒரு நொடிக்கு அறுபது சென்டிமீட்டராவது ஓட வேண்டும், ஓடினால்தான் மண்ணையும் கசடையும் தானே அடித்துக்கொண்டு போகும். பெரிய குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் அது ஊர்ந்து போகும், கசடு அங்கங்கே உட்கார்ந்துவிடும். ஆக, மெயின் லைன் வந்தும் பாதி வீடு இணைப்பு வாங்காமல் இருந்தால், வாங்கிய பாதி வீட்டுக்கும் அடைப்பு வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர் "நமக்கு டேங்க் நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வெட்டிச் செலவு" என்று சொல்லும்போது அவர் தன் காசை மிச்சம் பிடிக்கவில்லை, என் குழாயில் ஓட வேண்டிய தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறார். இதை அவரிடம் சொன்னேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடம் வாங்கினார். நான் சொன்னதால் இல்லை, அவருடைய டேங்க் நிரம்பியதால்.

இதே காரணத்தால்தான் தண்ணீரையும் சாக்கடையையும் ஒரே ரிவியூவில் எழுதுகிறேன். தண்ணீர் குறைந்தால் சாக்கடை அடைக்கும், சாக்கடை ஒழுகினால் தண்ணீர் கெடும்.

சரி, தண்ணீர். சுவைக்கு ஐந்துக்கு ஐந்து. போர்த் தண்ணியில் வைத்த பருப்பு ஒரு மணி நேரம் ஆனாலும் வேகாது, மேட்டூர் தண்ணியில் மூன்று விசிலில் குழைந்துவிடும், இதற்கு மேல் எனக்குப் பரிசோதனைக்கூட ரிப்போர்ட் தேவையில்லை. அந்தத் தண்ணீர் எப்படி வருகிறது என்று யோசித்துப் பார்த்தவர்கள் குறைவு. மேட்டூர் அணை நிரம்பி 120 அடி தொட்டாலும் அந்த நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடிதான். சேலம் தொள்ளாயிரம் அடிக்கு மேல். அணைக்குக் கீழே தொட்டில்பட்டியில் எடுக்கிற தண்ணீரை நம் ஊர் வரைக்கும் மோட்டார் வைத்து மேட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். அங்கே கரண்ட் போனால் இங்கே குடம் காலி, அதற்கு இதுதான் காரணம். இத்தனைக்கும் நம் தலைக்கு மேலே ஏற்காடு நிற்கிறது, ஐயாயிரம் அடி, அங்கே பெய்கிற மழை ஒரு பைசா கரண்ட் செலவில்லாமல் கன்னங்குறிச்சி புது ஏரிக்கும் மூக்கனேரிக்கும் தானாக இறங்கி வருகிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு மேட்டூரைப் பார்த்துக் காத்திருக்கிறோம்.

முன்பு இப்படி இல்லை. 1911-ல் சேலத்துக் குடிதண்ணீருக்காகவே பனமரத்துப்பட்டி ஏரியைக் கட்டினார்கள், இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். அன்றைய நீண்டகாலத் திட்டம் அது, அதை வைத்துத்தான் இந்த ஊர் குடித்தது. ஊர் பெரிதாகி மேட்டூர் தண்ணீர் வந்ததும் ஏரியை மறந்துவிட்டோம். மாமியாருக்குக் கல்யாணமான புதிதில் பனமரத்துப்பட்டிக்குப் போய்த் தண்ணீர் ததும்பி நிற்பதைப் பார்த்திருக்கிறார். நான் போனபோது சீமைக்கருவேல மரம்தான் நின்றது, ஏரி எங்கே ஆரம்பிக்கிறது என்று வழியில் ஆடு மேய்த்தவரைக் கேட்க வேண்டியிருந்தது. "இப்ப நீங்க நிக்கறதே ஏரிதானுங்க" என்றார்.

அளவுக்கு வருகிறேன். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது கையேட்டுக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் சேலத்தின் மக்கள்தொகை 8,29,267. பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளைக்குப் பதினோரு கோடி லிட்டருக்கு மேல் வருகிறது, பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் ஒன்பதாயிரத்துக்கு மேல் லாரி, தினமும். இதில் எண்பது சதவீதம் சாக்கடையாகத் திரும்பிப் போகும் என்று கணக்கு. அதைச் சுத்தம் பண்ணத்தான் வெள்ளக்குட்டை, ஆனைமேடு பக்கமெல்லாம் சுத்திகரிப்பு நிலையம். சுத்தம் பண்ணாமல் விட்டால் திருமணிமுத்தாற்றில் போகும், அது நாமக்கல் மாவட்டத்தில் மறுபடி காவிரியில் போய்ச் சேர்கிறது. மேட்டூரில் எடுத்த காவிரியைத் துணி துவைத்து, பாத்திரம் விளக்கி, சாயப்பட்டறையில் முக்கி, கீழே இருக்கிறவர்களுக்கு அதே காவிரியில் கொண்டுபோய் விடுகிறோம். பரமத்தி வேலூரில் இருக்கிற என் சின்ன நாத்தனார் இதைக் கேட்டதிலிருந்து சேலத்துக்காரர்களைப் பார்த்தால் ஒரு மாதிரி முறைக்கிறார்.

எங்கள் வீட்டு ஐந்து பேருக்கு 135 வீதம் 675 லிட்டர். நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் 2,700 லிட்டர் பிடித்து வைக்க வேண்டும், அதற்கு ஒரு சம்ப், அதிலிருந்து ஏற்ற ஒரு மோட்டார், மாடியில் ஒரு டேங்க். சந்தில் பத்தொன்பது வீட்டிலும் இதே செட். பத்தொன்பது வீட்டில் பத்தொன்பது மேட்டூர் கட்டி வைத்திருக்கிறோம். ஊருக்குச் சேர்த்து ஒரு பெரிய தொட்டி கட்டி, குழாயில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும்படி விட்டால் இந்தச் செலவு யாருக்கும் இல்லை. ஒடிசாவில் பூரி நகரம் 2021-ல் அப்படி மாறியது, குழாயில் பிடித்து அப்படியே குடிக்கலாம் என்று. நமக்கு அது ஏதோ ஆடம்பரம் மாதிரி தெரியும். எந்நேரமும் தண்ணீர் நிற்பதில் இருக்கிற உண்மையான லாபம் வேறு, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கேபிள் வேலை.

போன வருடம். தோண்டாமலே மண்ணுக்குள் துளை போட்டுக்கொண்டு போகிற மெஷினோடு சந்துக்குள் நாலு பேர் வந்தார்கள், எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. கீழே என்னென்ன குழாய் போகிறது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒரே நாளில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் விட்ட காலையில் ரோட்டின் நடுவில் ஊற்று மாதிரி கொப்பளிக்கிறது. சம்ப்பில் விழுந்த முதல் நாலு குடம் காப்பி நிறம், வாடை வேறு. மூக்கருகே கொண்டுபோன மாமியார் குடத்தை அப்படியே சாய்த்துவிட்டார். துளை போட்ட கம்பி தண்ணீர்க் குழாயையும் உடைத்து, பக்கத்தில் போகிற சாக்கடை இணைப்பையும் விரிசல் விட வைத்திருந்தது. தண்ணீர் வருகிற நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்கும், உள்ளே இருப்பது வெளியே ஒழுகும், அவ்வளவுதான். நிறுத்திய பிறகுதான் ஆபத்து, குழாய் காலியாகும்போது சுற்றி இருக்கிற ஈரத்தை உள்ளே உறிஞ்சும். நாலு நாளில் மூன்றே முக்கால் நாள் காலியாகக் கிடக்கிற குழாய் அது.

முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். வால்வு எங்கே? புதிதாகத் தண்ணீர் திறந்துவிட வருகிற தம்பிக்கு மெயின் ரோட்டு வால்வு தெரியும், எங்கள் சந்துக்கென்று தனியாக ஒன்று இருப்பதே தெரியாது. அவர் மேல் தப்பில்லை, யாரும் அவர் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து அனுப்பவில்லை. மாமியார்தான், "பழைய அய்யாவைக் கூப்பிடுங்க" என்றார். ஓய்வுபெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் ஆன மனிதர், எழுபத்தொரு வயது. எக்ஸெல் வண்டியில் வந்து இறங்கினார், பின்னால் ஒரு இரும்புக் கம்பி கட்டியிருந்தது. சந்தின் முனையிலிருந்த வேப்ப மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அடியெடுத்து எண்ணிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று கம்பியை ரோட்டில் ஊன்றி, அதன் மேல்முனையில் காதை வைத்தார். சந்தில் அத்தனை பேரும் மூச்சு விடாமல் நிற்கிறோம், இரண்டு வீட்டில் தறியை நிறுத்திவிட்டார்கள். அரை அடி தள்ளி மறுபடி ஊன்றினார். "இங்க தோண்டு கண்ணு" என்றார்.

தோண்டினால் முதலில் கான்கிரீட், அதன் கீழ் ஒரு தார், அதன் கீழ் இன்னொரு தார். அதற்கும் கீழே வால்வு பெட்டியின் மூடி. "மூணு ரோடு மேல ஏறிடுச்சும்மா, அது பாவம் போட்ட எடத்துலயேதான் இருக்கு" என்றார் அய்யா. அந்த மூடியைத் தூக்கி, சாவியைப் போட்டுத் திருகி, கொப்பளிப்பு மெல்ல அடங்கியபோது யாரோ கைகூடத் தட்டினார்கள். டீ வாங்கிக் கொடுத்தோம், காசு கொடுத்தால் வாங்கவில்லை. போகும்போது, "அடுத்த தடவ நான் இருக்கணுமில்ல" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருடத்துக்கு அளவெடுத்துப் போட்ட சாமான், அது எங்கே இருக்கிறது என்ற விவரம் எழுபத்தொரு வயது மனிதரின் தலைக்குள்ளும் ஒரு வேப்ப மரத்திலும் மட்டும் இருக்கிறது. 2016-ல் நம் ஊர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வந்தபோது பிள்ளைகள் பேச்சுப் போட்டியில் எல்லாம் பேசினார்கள். எனக்கு ஸ்மார்ட் எதுவும் வேண்டாம், ரோடு போடுகிறவர்கள் போடுவதற்கு முன்னால் மூடியை உயர்த்தி வைத்துவிட்டுப் போட்டால் போதும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு, என் காசில் நான் கற்றதை வைத்து. பிளம்பர் டியூப் லெவல் கொண்டுவந்தாரா என்று பாருங்கள், கண்ணளவில் போடுகிறேன் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். மாடிக் குழாயை இதில் சேர்க்க விடாதீர்கள், பள்ளத்து வீட்டு அக்கா ஒருவர் எல்லாச் சந்திலும் இருப்பார். சமையலறைக் குழாய் சேருகிற இடத்தில் ஒரு சின்ன வலைத்தொட்டி வைத்து வாரம் ஒருமுறை எடுத்துக் கொட்டுங்கள், எண்ணெய்தான் பாதி அடைப்புக்குக் காரணம், அதுவும் தீபாவளி முடிந்த வாரம் பார்க்க வேண்டும். நாப்கின், துணி எதையும் உள்ளே விடாதீர்கள். பிறகு போட்டோ. டேப்பை விரித்து வைத்துக்கொண்டு எடுத்தால் இன்னும் நல்லது.

மதிப்பெண் கேட்பீர்கள். தண்ணீரின் தரத்துக்கு ஐந்து, வருகிற முறைக்கு இரண்டரை. சாக்கடை இணைப்புக்கு, சரியான இறக்கத்தில் மாற்றிப் போட்ட பிறகு, நாலரை, ஐந்து வருடமாக ஒரு அடைப்பு இல்லை, வாசலில் வாடை இல்லை, லாரிக்குக் கொடுத்த காசு மிச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பையனைக் குழிக்குள் இறங்காதே என்று தடுக்க வேண்டிய நிலைமை இல்லை. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் விஷயத்தில் சைபர்.

அந்தச் சைபரை நானே கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். அய்யாவை இன்னொரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டு, பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எங்கள் சந்தை வரைந்தேன். அவர் சொல்லச் சொல்ல மகள் டேப் பிடித்தாள். வால்வு, தண்ணீர் லைன் நீல ஸ்கெட்ச், சாக்கடை லைன் கறுப்பு, மேன்ஹோல் மூன்று, வளைத்துப் போட்ட எங்கள் வீட்டுக் குழாய் சிவப்பு. எல்லா அளவும் வேப்ப மரத்திலிருந்து. லாமினேட் செய்து மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று, சந்தில் எல்லார் போனிலும் அந்தப் படம் இருக்கிறது. இந்த மாசி மாதம் வேறொரு கேபிள்காரர்கள் வந்தபோது மகன் அதைக் கழற்றிக்கொண்டு ஓடினான், அவர்கள் பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளித் துளை போட்டார்கள்.

இப்போது ரோட்டை அகலப்படுத்த வேப்ப மரத்தை வெட்டப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும், பிள்ளையார் கோயில் படியிலிருந்து.